ஏழு குதிரைகள் இருந்த சுவர்: ஒரு மடிப்பாக்கம் வீட்டின் படத் தேர்வு

வீட்டுச் சுவருக்குப் படம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டோ கைப்பேசியைத் தள்ளிக்கொண்டோ முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவு சுவரில், நாள்கணக்கில் இருந்து பார்த்து எடுக்க வேண்டியது என்பது என் கட்சி. படங்களுக்குச் சட்டம் போடுவதும், வீடுகளுக்குப் போய்ப் படம் தேர்ந்து மாட்டித் தருவதும் என் தொழில். 2018 தொடங்கி 2023 வரை நான் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு வீட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தங்கிய படங்களும் தங்காத படங்களும் அங்கே ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. அதனால் எது ஏன் தங்கியது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. வீட்டார் பெயரைச் சொல்லப் போவதில்லை.

மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை வீடு. 2017இல் குடிவந்தார்கள். பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; சாத்தான்குளம் பக்கத்து ஊர்க்காரர். அவர் மனைவி, மகன், சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மருமகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. ஹால் 18 அடி நீளம், 11 அடி அகலம். மேற்குக் கோடியில் பால்கனி, அதற்குச் சறுக்குக் கண்ணாடிக் கதவு. வடக்குச் சுவரை ஒட்டி சோபா. அதற்கு மேல் ஐந்து துண்டுகளாக வரும் கேன்வாஸ் படம்: கடலலை தெறிக்க ஓடிவரும் ஏழு குதிரைகள். வாஸ்துக்கு நல்லது என்று புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த ஒருவர் சொல்ல, மருமகள் ஆன்லைனில் வாங்கியது.

ஓராண்டு முடியும்போது அந்தப் படம் பார்க்கச் சகிக்கவில்லை. அதே அளவில், இன்னும் பளிச்சென்று, சாம்பல்நிறச் சோபாவுக்குப் பொருந்தும்படி வேறொன்று வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

குதிரைகள் நீலமானது எப்படி

ஐந்து துண்டுகளையும் கழற்றித் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்ததில் விஷயம் புரிந்துவிட்டது. வலது ஓரத் துண்டில் குதிரை இன்னும் செம்பழுப்பாகவே இருந்தது. நடுத்துண்டில் வெளுப்பு தட்டியிருந்தது. பால்கனிக்குப் பக்கத்தில் இருந்த இடது ஓரத் துண்டில் குதிரை நீலச்சாம்பலாக மாறிவிட்டது. வெயில் எங்கே எவ்வளவு விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

அச்சில் நான்கு மை: நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மலிவான மைகளில் மஞ்சளும் கருஞ்சிவப்பும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். பழுப்பு நிறம் அந்த மஞ்சளையும் கருஞ்சிவப்பையும் நம்பியே இருப்பது. அவை போனதும் மிச்சம் நீலம்தான். டீக்கடை வாசலில் வெயில் தின்ற சுவரொட்டிகள் எல்லாம் நீலம் பாய்ந்து நிற்பதும் இதனால்தான். வெளிறிய நிறத்தை எந்த வைத்தியத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; நேர் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். தாளில் வரைந்த ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிப்பது 50 லக்ஸ் அளவுதான். வீட்டை அருங்காட்சியகமாக இருட்டாக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தால், பால்கனிக்கு எதிரே கலர்ப்படம் மாட்டுவதற்கு முன் கை கொஞ்சம் தயங்கும். சாதாரணக் கண்ணாடிக் கதவு புறஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தைத் தின்னும், அதைக் கண்ணாடி தடுக்காது.

இன்னொன்று, வெயில் ஒரே இடத்தில் விழுவதில்லை. சென்னையில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கில் இறங்குகிறது. மேற்குப் பால்கனி வழியே வரும் மாலை வெயில் அப்போது ஹாலின் வடக்குச் சுவரில் படும். ஆனி, ஆடியில் வடமேற்கில் இறங்கும்போது தெற்குச் சுவரில் படும். பங்குனியிலும் புரட்டாசியிலும் நேராக உள்ளே பாய்ந்து கிழக்குச் சுவர் வரை போகும். வீடு பார்க்க மே மாதம் வருகிறவர் வடக்குச் சுவரைப் பார்த்து, "இங்க வெயிலே வராது" என்று சத்தியம் செய்துவிடுவார். நான் போனது தை மாதம். மாலையில் வெயில் பட்ட எல்லையைப் பென்சிலால் மெல்லிசாகக் குறித்தோம். பால்கனியிலிருந்து ஏழடி வரை வந்தது, அதற்கு அப்பால் வரவில்லை. ஆக, வடக்குச் சுவரின் கிழக்குப் பாதிதான் பத்திரமான இடம். சோபாவைக் கிழக்கே நகர்த்த வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. படம் இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அடியில் பெயிண்ட் பொருமியிருந்தது, கை வைத்தால் சில்லிப்பு. ஓதம் ஏறும் சுவரில் தாள் படம் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, பூஞ்சணத்துக்கு அதுவே போதும். அந்தச் சுவருக்கு மேலும் ஈரம் சேர்க்க யாரும் வேண்டாம்.

யார் எங்கே உட்காருகிறார்கள்

படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டாரின் நடமாட்டத்தைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இங்கே அது நிறையவே உதவியது.

பெரியவர் காலையில் செய்தித்தாளோடு தெற்குச் சுவர்ப்பக்கம் இருக்கும் மூங்கில் நாற்காலியில் உட்காருவார். அவருக்கு நேர் எதிரே, எட்டடி தூரத்தில் வடக்குச் சுவர். நாளில் பாதி அவர் கண் அங்கேதான். அம்மா, அதாவது பெரியவரின் மனைவி, ஹாலில் உட்காருவதே அபூர்வம். சமையலறைக்கும் பூஜை மாடத்துக்கும் நடுவே இருக்கும் நடைபாதைதான் அவர் உலகம். அங்கே சுவர் இரண்டடித் தூரத்தில் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை. மகனும் மருமகளும் ராத்திரி வேலை முடித்து சோபாவில் சாய்கிறவர்கள். சோபாவில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் இருக்கும் படம் தெரியாது. அவர்கள் காசு போட்டு வாங்கிய குதிரைகளை அவர்கள் பார்த்ததே குறைவு.

எட்டடியிலிருந்து பார்க்கும் படமும் இரண்டடியிலிருந்து பார்க்கும் படமும் வேறு வேறு சாதி. தூரத்துப் படத்துக்கு இருள், வெளிச்சம் பிரிந்து நிற்கும் வலுவான உருவம் வேண்டும். கிட்டத்துப் படத்துக்குக் கைவேலை வேண்டும், கோடு வேண்டும், கண் போய்த் திரும்பி வர வழி வேண்டும். ஹாலுக்கு ஆன்லைனில் விற்கிற படங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் குணம் மட்டும் இருக்கிறது. எழுந்து பக்கத்தில் போனால் புள்ளிபுள்ளியாக அச்சு தெரியும், அவ்வளவுதான். எழுந்து போகிறவருக்கு ஏதாவது கொடுக்கிற படம்தான் பல வருஷம் நிற்கிறது. என் அனுபவத்தில் இதற்கு விலக்கு மிகக் குறைவு.

சோபாவுக்குப் பொருத்தமான நிறம் வேண்டும் என்ற மருமகளின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். சோபா ஏழெட்டு வருஷத்தில் கிழியும். குஷன் உறை அதற்கு முன்பே மாறும். படம் அதையெல்லாம் நம்பி நிற்கக் கூடாது. "அப்போ எதை வச்சுண்ணா எடுக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்த்துப் பழகித்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவருக்கு அப்போது அது பதிலாகப் படவில்லை.

தேடியது

ஒதுக்கிய பணம் 40,000 ரூபாய், சட்டம் உட்பட. அம்மாவுக்கு ஆசை தஞ்சாவூர் ஓவியம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, அதன் பிறகு வண்ணம் தீட்டுகிற வேலை. புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல தங்கத்தாள் போட்ட படம் தலைமுறை கடந்தும் மங்காது. ஆனால் சந்தையில் தங்கநிறத் தகடு ஒட்டியவையும் அதே பெயரில் விற்கிறார்கள், சில ஆண்டுகளில் அது கறுத்துப்போகும். அவர்கள் ஒதுக்கிய பணத்தில் ஹால் சுவருக்கு ஈடுகொடுக்கும் அளவில் அசல் தங்கத்தில் கிடைக்காது. சின்னதாக வாங்கினால் அது பூஜை மாடத்துக்குப் போகும். அங்கே ஏற்கெனவே ஒரு முருகன் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குடும்பத்தோடு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போனோம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய ஓவியர் கிராமம். பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, ஓவியர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஊர். அங்கே வாங்குவதற்காகப் போகவில்லை, கண்ணைப் பழக்குவதற்காகப் போனோம். சென்னை ஓவியர்களுக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு ஆழமானது. காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் கறுப்பு மையில் வரைந்த காந்தி உருவங்களைப் பார்த்தவர்களுக்கு, நிறமே இல்லாமல் ஒரு படம் எவ்வளவு பேசும் என்று தெரியும். பெரியவர் அங்கே கோட்டோவியங்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். மகன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அவரோடு நின்றார். அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

எழும்பூர்ப் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே படித்து வெளிவருகிற இளம் ஓவியர்களின் வேலையை, பேர் வாங்குவதற்கு முன், நடுத்தரக் குடும்பத்தால் வாங்க முடியும். பெரிய பேரின் அச்சுப்பிரதியைவிடச் சின்னப் பேரின் அசல் படம் வீட்டில் அதிகம் நிற்கும் என்று நான் நம்புகிறேன். அசலில் கையின் அழுத்தம் இருக்கும், தயக்கம் இருக்கும், திருத்தம் இருக்கும். அப்படி ஒரு மாணவரிடம் கிடைத்ததுதான் பனங்காடு: 48 அங்குலம் அகலம், 30 அங்குலம் உயரம், தாளில் கறுப்பு மை.

சுவரில் ஒத்திகை

வாங்கிவிடவில்லை. ஓவியரிடம் படம்பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டு, அதே அளவுக்கு ஒன்பது ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினோம். கூடவே மருமகளுக்குப் பிடித்த வண்ணமயமான அரூப ஓவியம் ஒன்றும், மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் நிழற்படம் ஒன்றும் அதே அளவில் பிரதியெடுத்தோம். மாசி மாதம் முழுக்க இவை ஒன்று மாற்றி ஒன்று, பெயிண்ட் உரியாத காகித டேப்பில் அந்தச் சுவரில் இருந்தன. வீட்டாருக்கு ஒரே வேண்டுகோள்: நன்றாக இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்காதீர்கள், யார் எப்போது நின்று பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

அரூப ஓவியம் ஒட்டிய அன்று எல்லாருக்கும் பிடித்தது. ஹாலே எடுப்பாக இருந்தது. இரண்டு மூன்று நாளில் அது சுவரோடு சுவராகிவிட்டது. அந்த ஓவியத்தின் மேல் குறை சொல்ல மாட்டேன். அச்சுப்பிரதியில் அதன் வண்ணப்பூச்சின் கனம் வரவில்லை, அந்தக் கனம்தான் அதன் உயிர். கடற்கரைக் கோயிலைப் பார்த்த விருந்தினர் எல்லாரும் "எப்ப எடுத்தது?" என்று கேட்டார்கள். பதில் கிடைத்ததும் பேச்சு முடிந்தது.

பனங்காட்டுக்கு முதல் நாளே எதிர்ப்பு. அம்மா நேராக என்னிடமே சொன்னார்: "தம்பி, நடுவீட்டுல கறுப்பா ஒண்ண மாட்டுனா நல்லாவா இருக்கும்? நாலு பேரு வந்து போற எடம்லா." மருமகளும் அத்தை பக்கம்தான். நான் வாதாடவில்லை, இருக்கட்டும் அம்மா, பிடிக்காவிட்டால் கிழித்துவிடலாம், ஜெராக்ஸ்தானே என்றேன்.

மாற்றம் பெரியவரிடமிருந்து வந்தது. செய்தித்தாளை மடித்துவிட்டு அவர் மரங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். எட்டடியிலிருந்து அது கறுத்த மரக்கூட்டம், நடுவே வெளிச்சப் பிளவுகள். பக்கத்தில் போனால் ஒவ்வொரு மரமும் தனி. எது ஆண்பனை, எது பெண்பனை என்று பாளையை வைத்துப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "இது நம்ம தேரிக்காட்டுப் பனைம்மா. அடியில பாரு, காஞ்ச ஓலையக் கழிக்காம வுட்டுருக்கான்." பேத்திதான் அந்த ஆளைக் கண்டுபிடித்தாள். வலப்பக்கம், மூன்றாவது மரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் நகத்தளவில் ஒரு பனையேறி. காலில் தளைநார், இடுப்பில் பெட்டி. அத்தனை நாளும் வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "தாத்தா, அவரு ஏறுறாரா இறங்குறாரா?" என்று அவள் கேட்க, அதற்கு வீட்டில் இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை.

பதநீர் காய்ச்சுகிற வாசனை, கருப்பட்டிச் சிரட்டை, அம்மாவின் அப்பா வைத்திருந்த பனைகள் எத்தனை என்று பேச்சு அதன் பிறகு வேறு பக்கம் போய்விட்டது. மருமகள் மாத முடிவில் எனக்குக் குரல்செய்தி அனுப்பினார்: "அண்ணா, மத்த ரெண்டும் எடுத்தப்போ யாரும் கேக்கலை. இதை எடுத்தா மாமா கேப்பாரு." அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அம்மா முழுதாக மனம் மாறவில்லை. சட்டத்தின் பின்புறம் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டு மாட்டச் சொன்னார். வைத்துத்தான் மாட்டினேன்.

மை, தாள், சட்டம்

கறுப்பு மை எல்லாம் ஒன்றில்லை. புகைக்கரியில் செய்த இந்தியன் இங்க் வெயிலுக்கு அசையாது. அதில் இருப்பது கரி, சாயமில்லை. மார்க்கர் பேனாவிலும் சாதாரண ஊற்றுப்பேனா மையிலும் இருப்பது பெரும்பாலும் சாயம், அது சில ஆண்டுகளில் பழுப்பாகவோ ஊதாவாகவோ கரையும். ஓவியரிடம் அவர் பயன்படுத்திய மையில் துண்டுத்தாளில் சில கோடுகள் போட்டு வாங்கி, பாதியை அலுமினியத் தாளால் மூடிப் பால்கனிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். ஒத்திகை முடியும்வரை அது வெயிலில் கிடந்தது. பிரித்துப் பார்த்தபோது இரு பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சோதனை இது. அசல் படம் வாங்குகிறவர்கள் கேட்டால் நல்ல ஓவியர்கள் துண்டுத்தாள் தர மறுப்பதில்லை.

மை தாங்கினாலும் தாள் தாங்க வேண்டும். அமிலமற்ற தாளில் வரைந்திருந்தார், அதனால் சுற்றிலும் வைக்கும் மவுண்ட் அட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டியது கட்டாயம். மலிவான அட்டை வைத்தால் சில ஆண்டுகளில் அதன் வெட்டு விளிம்பை ஒட்டிப் படத்தின் மேலேயே பழுப்புக் கோடு விழும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி வேண்டும், ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

மவுண்ட் மூன்று அங்குலம் சேர்த்துச் சட்டத்தின் உள்ளளவு 54க்கு 36 அங்குலம். சோபா 80 அங்குலம். அதில் மூன்றில் இரண்டு பங்கு படம் இருந்தால் கண்ணுக்கு நிறைவு, கணக்கு சரியாக வந்தது. இந்த அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே ஒன்பது கிலோவுக்கு மேல். சோபாவில் சாய்கிறவர் தலைக்கு மேல் அது தொங்க வேண்டாம் என்று புறஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு போட்டோம். எடை பாதிக்கும் கீழே. விலை சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு. மொத்தச் செலவில் மாணவருக்குக் கொடுத்ததற்கு அடுத்த பெரிய தொகை இதுதான். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லிவருகிறேன்.

சட்டத்துக்குத் தேக்கு பீடிங் (விளிம்புக் கட்டை), பாலிஷ் மட்டும். பின்புறக் கீழ்மூலைகளில் ரப்பர்க் குமிழ், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகட்டும் என்று. கண்காட்சிக் கூடங்களில் படத்தின் நடுப்புள்ளியைத் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வைப்பார்கள். அது நின்று பார்க்கிறவர்களுக்கான கணக்கு. பெரியவர் உட்கார்ந்து பார்க்கிறவர், சோபாவின் முதுகுக்கு மேல் ஏழு அங்குலம் விட்டு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினோம். நம் வீடுகளில் படங்கள் பொதுவாகவே உத்தரத்தை நோக்கிப் போய்விடுகின்றன. இறக்கி மாட்டினாலே பாதிப் படங்கள் உயிர்பெறும்.

கோல நோட்டு

நடைபாதைச் சுவருக்கு எதையும் வாங்கவில்லை. அம்மாவின் பீரோவில், அவருடைய அம்மா வைத்திருந்த கோல நோட்டு இருந்தது. கணக்கெழுதும் நீள நோட்டு. முதல் பக்கங்கள் பென்சில், பிற்பாடு பால்பாயின்ட் பேனா. பேனாப் பக்கங்களில் மை பின்பக்கம் கசிந்து ஊதாவாகத் தெரிந்தது. பென்சில் பக்கங்கள் போட்ட அன்று இருந்தபடியே இருந்தன. பென்சிலும் கரிதான், வெளிறாது.

தேர்ந்தெடுத்தது ஒரு சிக்குக் கோலம்: 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை. கோடு ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து, நான்கு திசையும் போய், தொடங்கின இடத்துக்கே வந்து சேர்கிறது. வலது மேல்பக்கத்தில் ஓரிடத்தில் அழித்துத் திருப்பிப் போட்ட தடம் தெரிகிறது. கோலத்தில் இருக்கும் ஒழுங்கைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணித ஆய்வாகவே செய்தார். ஒரு குடும்பத் தலைவியின் கணக்கு நோட்டில் இருந்தது அந்த ஒழுங்குதான்.

"அத்தை, கோலம் வாசல்ல போடுறதுதானே, சுவத்துல மாட்டுவாங்களா?" என்றார் மருமகள். "வாசல்ல போட்டா மறுநா தூத்துருவோம். இது எங்கம்மா கையில்லா" என்றார் அம்மா. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்தை நோட்டிலிருந்து கிழிக்காமல், தையலைப் பிரித்து எடுத்தோம். செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் இதன் கிட்டேயே வரக் கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாளில் கீற்று வெட்டி, கோதுமை மாவுச் சத்தில் காய்ச்சிய பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டோம், என்றைக்கு வேண்டுமானாலும் ஈரம் தொட்டுப் பிரித்துவிடலாம். பக்கத்து ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையை மவுண்டுக்குள் மறைக்காமல் வெளியே தெரியும்படி வெட்டினேன். அம்மா உயரம் குறைவு. அவர் கண்மட்டத்துக்கு மாட்டினோம். மார்கழியில் அவர் காலையில் அதன் முன்னால் விரலால் காற்றில் கோடு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, அடுக்ககத்து வாசலில் அதையே போட்டார் என்று பிறகு மருமகள் சொன்னார்.

பேனாவில் போட்ட பக்கங்களை வெளிச்சத்தில் வைக்கவில்லை. அவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு நோட்டைத் திரும்பப் பீரோவிலேயே வைத்தார்கள்.

மாடத்து முருகன்

அம்மாவின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக் கல்லாவுக்கு மேல் இருந்த முருகன் படம்தான் பூஜை மாடத்துக்கு வந்தது. சிவகாசி அச்சு. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வளர்த்த பாணி: வழுவழுப்பான முகம், நாடக மேடைத் திரை மாதிரி விரியும் மலை. ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வரலாற்றின் தெற்குக் கிளை என்று இதைச் சொல்லலாம். ரவிவர்மா படங்களின் மேல் ஜரிகையும் மணியும் துணியும் ஒட்டி அலங்கரித்தவர்கள் உண்டு. இந்த வகைப் படங்கள் நூறாண்டு தாண்டியும் சுவரில் இருப்பதற்குக் காரணம் அச்சின் தரம் மட்டுமில்லை. வீட்டார் கை தினமும் அதன் மேல் படுகிறது: பொட்டு, பூ, வெள்ளிக்கிழமை துடைப்பு.

இந்தப் படத்தில் வேலின் பக்கம் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மகன் உரித்துப் புதுக் கண்ணாடி போடலாம் என்றார். உரித்தால் வேலும் விரல்களும் கண்ணாடியோடு வந்துவிடும். பழைய கண்ணாடியோடு சேர்த்தே புதுச் சட்டத்துக்குள் வைத்து, வெளியே இன்னொரு கண்ணாடி போட்டோம். பின்னால் வைத்திருந்த பழைய தினசரித் தாளையும் துருப்பிடித்த ஆணிகளையும் எடுத்துவிட்டு அமிலமற்ற அட்டை வைத்தோம். சந்தனமும் குங்குமமும் இனி வெளிக் கண்ணாடியில். விளக்கு இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்தது, புகை நேரே ஏறாதபடி.

தங்காதது

2019இல் மருமகள் திரைச்சீலையின் காவி நிறத்துக்குப் பொருத்தமாக, கேரளச் சுவரோவியப் பாணியில் அச்சிட்ட கேன்வாஸ் ஒன்றை வாங்கி சாப்பாட்டு மேசைப் பக்கம் மாட்டினார். ஒத்திகை பார்க்கவில்லை. ஓதச் சுவர், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைச் சட்டம் ஊதியது, கேன்வாஸ் தொய்ந்தது. அதற்கு முன்பே திரைச்சீலை மாறிவிட்டது. இரண்டு மழைக்காலத்துக்கு மேல் அது நிற்கவில்லை. மூலச் சுவரோவிய மரபு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பச்சையும் காவிமஞ்சளும் கறுத்த கோடும் சுண்ணச் சுவரில் உட்காரும் விதமே தனி. பாலியெஸ்டர் துணியில் அதில் பாதிகூட வரவில்லை.

பேத்தியின் அறையில் நிரந்தரமாக எதையும் மாட்டாமல் ஒரு கம்பி கட்டிக் கிளிப் போட்டுக் கொடுத்திருந்தோம். அவள் வரைவதும், வெட்டி ஒட்டுவதும் அங்கே மாறிக்கொண்டே இருந்தன. வளரும் பிள்ளையின் சுவருக்கு அதுதான் முறை என்பது என் எண்ணம். 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது அந்தக் கம்பி நிரம்பி வழிந்தது. ஹால் பனங்காடும் அப்போது புது வேலை பார்த்தது. மருமகளின் வீடியோக் கூட்டங்களுக்குப் பின்னணியாக இருந்து, அலுவலகத்தில் யாரோ ஒருவர் பனையேறியைக் கண்டுபிடித்துச் சொன்னாராம்.

வீடு மாறியபோது

2023இல் மகனுக்குக் கோவையில் வேலை. வாடகை வீடு, சரவணம்பட்டிப் பக்கம். மூட்டை கட்டும்போதுதான் ஒரு வீட்டுக்கு எந்தப் படம் வேண்டும் என்பது வெளியே வருகிறது. முருகனையும் கோலத்தையும் அம்மா லாரியில் ஏற்ற விடவில்லை, காரில் மடியில் வைத்துக்கொண்டு போனார். பனங்காட்டுக்கு என்னை வரச்சொல்லி மரப்பெட்டி அடிக்கச் செய்தார் பெரியவர். பரணில் கிடந்த குதிரைகளைக் கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சுவரோவிய அச்சு அதற்கு முன்பே போயிருந்தது.

புது வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். அதனால் பனங்காடு இப்போது தாழ்வான ஒரு அலமாரியின் மேல், கிழக்கே தள்ளிச் சுவரில் சாய்த்து நிற்கிறது, சரியாமல் இருக்கப் பின்னால் பட்டைக் கயிறு. அந்த உயரம் பெரியவரின் நாற்காலிக்கு மடிப்பாக்கத்தைவிட நன்றாகவே பொருந்துகிறது. கோலத்துக்கு மட்டும் முன்பே இருந்த ஒரு கொக்கி சமையலறை வாசலில் கிடைத்தது. கொஞ்சம் உயரம் அதிகம், சங்கிலியை நீட்டிவிட்டேன். கோவைக் காற்று சென்னையைவிட வறண்டது, தாளுக்கு நல்லது. அடுத்த முறை போகும்போது முருகனின் பின்னட்டையைத் திறந்து பார்க்க வேண்டும்.